எழுந்து நடந்தால் வலி குறையுமா?

மாதவிடாய் வலி என்று ஒரு பெண் வாய் திறந்தால் நம் வீடுகளில் தயாராகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." கல்யாணம் ஆனவளுக்கு, "ஒண்ணு பெத்துட்டா சரியாப் போயிடும்." பதினாறு வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்வது, இன்னும் பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பதற்குச் சமம். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு வலி குறைவது உண்மைதான். அதற்காக அதை மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. இப்போது இந்தப் பதிலின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. டாக்டர், யோகா டீச்சர், ஜிம் மாஸ்டர், ரீல்ஸ் போடும் பெண் என்று எல்லாரும் சொல்கிறார்கள்: "எக்சர்சைஸ் பண்ணும்மா, வலியே தெரியாது."

முந்தையதைவிட இந்தப் பதிலுக்கு ஆதாரம் நிச்சயம் அதிகம். ஆனால் எந்த வலிக்கு, எந்தப் பயிற்சி, மாதத்தின் எந்த நாட்களில், எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பெண்ணைத் தட்டிக்கழித்து அனுப்பும் இன்னொரு வழியாகிவிடும்.

முதலில் எந்த வலி என்பதைப் பார்ப்போம். கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ நோய் எதுவும் இல்லாமல் வருவதை முதல்நிலை மாதவிடாய் வலி என்கிறது மருத்துவம். இளம்பெண்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். வயதுக்கு வந்த கையோடு இது வருவதில்லை. முதல் சில சுழற்சிகளில் சினைமுட்டை ஒழுங்காக வெளிவராது. அது ஒழுங்குக்கு வந்தபிறகு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, வலி தலைகாட்டும். உதிரம் தொடங்குவதற்குச் சற்று முன்போ தொடங்கும்போதோ பிடித்துக்கொண்டு, சில மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும். அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும். இடுப்பு கழன்று விழுவது போலிருக்கும். தொடைவரை இறங்கும். சிலருக்கு வாந்தி, பேதி, தலைசுற்றல் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு உடலில் என்ன நடக்கிறது என்பது தெரிந்து நூறாண்டுகூட ஆகவில்லை. 1957இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிக்கிள்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர், மாதவிடாய் உதிரத்தில் தசையைச் சுருங்கவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அது புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது என்பது பிறகு தெளிவானது. சுழற்சியின் முடிவில் புரோஜெஸ்டிரோன் சரியும்போது கர்ப்பப்பையின் உள்படலம் உதிரத் தொடங்குகிறது. அந்தச் செல்களிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் வெளியாகிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. வலி உள்ளவர்களின் உதிரத்தில் இந்தப் பொருள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகம். கடுமையாக வலிக்கும் பெண்களின் கர்ப்பப்பைக்குள் சுருக்கத்தின்போது அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டும். 150, 180 என்றுகூடப் போகும். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 120 உள்ள ஒருத்திக்கு இதன் பொருள், அந்த நொடிகளில் தசைக்குள் இரத்தமே போகவில்லை என்பது. இரத்தம் கிடைக்காத தசை வலிக்கத்தான் செய்யும். மாரடைப்பில் இதயத்தசைக்கு வலிப்பதும் இதே காரணத்தால்தான். வாந்தியும் பேதியும் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் இரத்தத்தில் கலந்து குடல்வரை போவதால் வருபவை.

1971இல் ஜான் வேன் என்பவர், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கின்றன என்று காட்டினார். 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை பல மகப்பேறு மருத்துவர்கள் இந்த வலியை மனநோய்க் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெண்மையை ஏற்க மனமில்லாதவளுக்கு வருகிறது, அம்மாவைப் பார்த்துப் பழகிக்கொள்கிறாள் என்றெல்லாம் அச்சேற்றியவர்கள் உண்டு. வலி நிஜம் என்று நிரூபிக்க ஓர் இரசாயனப் பொருள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

உடற்பயிற்சியின் கதை இதைவிடப் பழையது. அது தொடங்கியது ஓய்வு பற்றிய சண்டையில். 1873இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். பருவமடைந்த பெண்கள் ஆண்களைப் போலப் படித்தால், கர்ப்பப்பைக்குப் போக வேண்டிய சக்தி மூளைக்குப் போய்விடும், அந்த நாட்களில் அவர்களுக்கு ஓய்வு தந்தே ஆகவேண்டும் என்பது அவர் வாதம். பெண்களைக் கல்லூரிக்கு வெளியே நிறுத்தத் தோதான வாதம் என்பதால் புத்தகம் பதிப்புமேல் பதிப்பு கண்டது. அதே ஹார்வர்ட் அடுத்த சில ஆண்டுகளில் பாய்ல்ஸ்டன் பரிசுக்கு, மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு ஓய்வு தேவையா என்பதையே தலைப்பாகக் கொடுத்தது. பெயர் போடாமல் வந்த ஒரு கட்டுரை 1876இல் பரிசை வென்றது. எழுதியவர் நியூயார்க்கில் மருத்துவராக இருந்த மேரி புட்னம் ஜேக்கபி.

ஜேக்கபி மேடைப்பேச்சு பேசவில்லை. கேள்வித்தாள் அனுப்பினார். 268 பெண்கள் பதில் எழுதினார்கள். வலி உண்டா, எவ்வளவு, பள்ளியில் விளையாடினாயா, எவ்வளவு தூரம் நடப்பாய், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். நாடித்துடிப்பைத் தாளில் வரையும் கருவியை வைத்துச் சிலரை மாதம் முழுக்க அளந்தார். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலானவர்களுக்கு வலியோ தளர்ச்சியோ கிடையாது. பள்ளி நாட்களில் உடற்பயிற்சி செய்தவர்களும் ஏதாவது ஒரு வேலையில் நிலையாக இருந்தவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். நல்ல சாப்பாடு உள்ள ஆரோக்கியமான பெண்ணுக்கு மாதவிடாயின் பெயரால் ஓய்வைக் கட்டாயமாக்க உடலியலில் இடமில்லை என்று முடித்தார். இன்றைய அளவுகோலில் அந்த ஆய்வில் ஓட்டைகள் பல. ஆனாலும் பெண்களிடமே கேட்டு, எண்ணி, அட்டவணை போட்டுப் பார்த்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

அவருக்குப் பின் வந்தவர்கள் ஆளுக்கொரு பயிற்சியைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மாணவிகளின் மருத்துவராக இருந்த கிளீலியா மோஷர், இறுக்கமான உள்கச்சைதான் பாதி வில்லன் என்று நம்பினார். உடைகளைத் தளர்த்திக்கொண்டு மல்லாந்து படு, முழங்காலை மடக்கு, ஒரு கையை வயிற்றில் லேசாக வை, மூச்சோடு வயிறு அந்தக் கையை எவ்வளவு உயர்த்துகிறது, எவ்வளவு இறக்குகிறது என்று பார். காலையும் இரவும் இதைச் செய். நம் ஊர் யோகா வகுப்பில் மூச்சுப்பயிற்சி செய்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. 1943இல் பில்லிக் என்ற அமெரிக்க மருத்துவர், இடுப்பைச் சுற்றியுள்ள தசைநார்ப்பட்டைகள் சுருங்கி நரம்பை அழுத்துவதுதான் வலிக்குக் காரணம் என்றார். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையைச் சுவரில் ஊன்றி, இடுப்பைச் சுவர்ப்பக்கம் தள்ளும் ஒரு பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். 1959இல் ஃபிலடெல்ஃபியாவின் கோலப், உடம்பை முறுக்கியும் வளைத்தும் செய்யும் இன்னொன்றைப் பரிந்துரைத்தார். பில்லிக்கின் கோட்பாடு நிலைக்கவில்லை. அவருடைய சுவர்ப்பயிற்சி மட்டும் இன்றும் பிசியோதெரபி மாணவர்களின் ஆய்வேடுகளில் உயிரோடு இருக்கிறது. மருத்துவத்தில் இது அடிக்கடி நடக்கும்: விளக்கம் செத்துப்போகும், பழக்கம் பிழைத்துக்கொள்ளும்.

இனி சோதனைகளுக்கு வருவோம். உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2010இல் இந்தக் கேள்வியை எடுத்துப் பார்த்தபோது கணக்கில் சேர்க்கத் தகுதியாக ஒரே ஒரு சிறிய சோதனைதான் கிடைத்தது. 2019இல், மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தின் மைக் ஆர்மர் தலைமையிலான குழு மறுபடி தேடியபோது, 12 சோதனைகள், 991 பெண்கள். பெரும்பாலோர் 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், பலர் கல்லூரி மாணவிகள். ஈரானிலிருந்து மட்டும் ஏராளமான சோதனைகள் வந்திருந்தன. பெண்கள் விடுதிகளும் செவிலியர் கல்லூரிகளும் பல்கலைக்கழக நகரங்களும் நிறைந்த அந்த நாட்டு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியிருக்கிறார்கள். இந்தத் துறையின் கணிசமான அறிவு தெஹ்ரானையும் அதைப் போன்ற நகரங்களையும் சேர்ந்த மாணவிகளின் உடம்பிலிருந்து வந்தது.

இந்தச் சோதனைகளில் வலியை அளக்கும் முறை எளிமையானது. தாளில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. ஒரு முனையில் 'வலியே இல்லை', மறுமுனையில் 'இதைவிட மோசமான வலி இருக்க முடியாது'. அந்த மாதம் எவ்வளவு வலித்ததோ அதற்கேற்ற இடத்தில் அவள் பேனாவால் குறுக்கே ஒரு கீறல் போடுவாள். ஆய்வாளர் ஸ்கேல் வைத்து அளப்பார். 62 மில்லிமீட்டர் என்றால் 62. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிட்ட ஒன்பது சோதனைகளை, அதாவது 632 பெண்களைச் சேர்த்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களின் கீறல் சராசரியாக 25 மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ஒரு பெண்ணால் 'ஆமாம், பரவாயில்லை' என்று உணர முடிகிற குறைந்தபட்ச மாற்றம் சுமார் பத்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் இது அதைப்போல இரண்டரை மடங்கு.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல செய்தி. ஆனால் அதே ஆய்வறிக்கை இந்த ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் சொல்கிறது. அதை நான் அழுத்திச் சொல்வேன். மாத்திரையைச் சோதிக்கும்போது ஒருவருக்கு நிஜ மாத்திரை, இன்னொருவருக்கு மாவு மாத்திரை கொடுத்து இருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியில் அது நடக்காது. எட்டு வாரம் வியர்க்க விறுவிறுக்க ஆடியவளுக்குத் தான் ஆடினோம் என்பது தெரியும். சொல்லிக்கொடுத்த டீச்சர் வாரம் மூன்று முறை முகம் பார்த்து 'இப்ப எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டிருப்பார். கடைசியில் கோட்டில் கீறல் போடச் சொல்லித் தாளை நீட்டுபவரும் பெரும்பாலும் அதே குழுவைச் சேர்ந்தவர்தான். எதிர்க்குழுவில் இருந்தவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, எதுவும் தரவுமில்லை. தன் பெயர் எந்தக் குழுவில் விழுந்தது என்ற ஏமாற்றம் மட்டும் அவளுக்கு. இரண்டு பேரும் ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர்களாகவும் இருக்கலாம். ஒவ்வொரு சோதனையும் சிறியது. பலன் தெரியாத சிறிய சோதனைகள் அச்சுக்கு வராமல் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுவதும் எல்லாத் துறைகளிலும் உள்ளதுதான்.

என் சந்தேகத்துக்கு இன்னொரு காரணம், பலனின் அளவே. வலிமாத்திரைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2015இல் காக்ரேன் 80 சோதனைகளையும் 5,820 பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. மாவு மாத்திரையில் நூற்றுக்கு 18 பேருக்கு நல்ல நிவாரணம் என்றால், வலிமாத்திரையில் 45 முதல் 53 பேருக்கு. அதாவது, வலியின் மூலப்பொருளையே நேராகத் தடுக்கும் மருந்திலும் பாதிப் பேர்தான் நிம்மதி அடைகிறார்கள். அப்படியிருக்க, வாரம் மூன்று நாள் கைகால் நீட்டுவது அதற்குச் சமமாகவோ மேலாகவோ வேலை செய்கிறது என்றால் ஒருகணம் நின்று யோசிக்கத்தான் வேண்டும். ஈரானில் 122 மாணவிகளிடம் மெஃபனாமிக் அமில மாத்திரையையும் நீட்டல் பயிற்சியையும் நேருக்குநேர் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டும் சமம் என்று முடிவு வந்தது. காக்ரேன் குழு அந்த ஒற்றைச் சோதனையை 'மிகக் குறைந்த தரம்' என்ற பெட்டியில் போட்டது; அது சரியென்றே படுகிறது.

சோதனைக்கூடத்துக்கு வெளியே பார்த்தாலும் படம் கலங்கலாகத்தான் இருக்கிறது. 2010இல் பர்மிங்காம் பல்கலைக்கழக மாணவிகள் அறுநூறுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வலியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வேறு கணக்கெடுப்புகளில் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் எது முந்தி எது பிந்தி என்பது குழம்பும்: வலி அதிகமுள்ளவள் விளையாட்டையே விட்டிருக்கலாம், வலி தாங்காமல்தான் ஒருத்தி பயிற்சிக்கே வந்திருக்கவும் கூடும்.

எல்லாவற்றையும் சேர்த்து என் எடை இதுதான்: பலன் உண்டு, அச்சில் வந்த அளவில் பாதி என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது. பாதி என்றாலும் அது ஒரு பெண் கவனிக்கக்கூடிய மாற்றம்தான்.

எந்தப் பயிற்சி என்று கேட்டால் பதில் சற்று அலுப்பூட்டும்: எது வேண்டுமானாலும். எகிப்தில் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், எட்டு வாரம் ஜும்பா ஆடவிட்டார்கள், வலி குறைந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் டிரெட்மில்லில் மூச்சிரைக்க ஓடவிட்டார்கள், குறைந்தது. ஈரானில் 92 மாணவிகளில் ஒரு பகுதியினருக்கு மூன்றே மூன்று ஆசனம் சொல்லிக்கொடுத்தார்கள்: புஜங்காசனம், மார்ஜாரி ஆசனம், மத்ஸ்யாசனம். குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்துவது ஒன்று. கையையும் முழங்காலையும் ஊன்றிப் பூனைபோல முதுகை வளைத்து நிமிர்த்துவது ஒன்று. மல்லாந்து மார்பை வில்லாக்கித் தலையைப் பின்னால் சாய்ப்பது ஒன்று. அதிலும் குறைந்தது. ஓட்டம் உசத்தியா, யோகா உசத்தியா என்ற பட்டிமன்றத்துக்கு ஆதாரத்தில் இடமில்லை. வேகமும் முக்கியமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவையாவது என்பதுதான் பெரும்பாலான சோதனைகளின் அளவு.

முக்கியமானது, எப்போது என்பது. இதைத்தான் ரீல்ஸ்களில் தவறாகச் சொல்கிறார்கள். வலியில் சுருண்டு கிடப்பவளிடம், 'இந்த மூணு ஸ்ட்ரெச் பண்ணு, அஞ்சு நிமிஷத்துல போயிடும்' என்பதற்கு நல்ல சோதனை ஆதாரம் எதுவும் கிடையாது. அந்த மூன்று ஆசனங்களைக்கூட மாதத்தின் பின்பாதியில், உதிரம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் செய்யச் சொன்னார்கள். பெரும்பாலான சோதனைகளில் பயிற்சி வலி இல்லாத நாட்களில்தான். ஒரு மாதம் செய்துவிட்டு அடுத்த மாதமே பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரண்டு மூன்று சுழற்சி பொறுத்துப் பார்க்க வேண்டும். வலி வந்தபின் தேடுகிற மருந்தாக இல்லாமல், வராமல் தணிக்கிற பழக்கமாகத்தான் இது சோதிக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் அந்த நாட்களில் அசையவே கூடாதா? முடிந்தால் நடக்கலாம், விருப்பமிருந்தால் ஓடலாம், நீந்தலாம். அதனால் கெடுதல் வருவதாகக் காட்டும் ஆதாரம் இல்லை. தலைகீழ் ஆசனங்களை அந்நாட்களில் தவிர்க்கச் சொல்வது யோக ஆசிரியர்களின் மரபு. சோதனை வழி வந்த முடிவல்ல. மரபைப் பின்பற்றுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. படுத்திருக்க விரும்புகிறவளை எழுப்பி நடக்கவிடுவதிலும் புண்ணியம் இல்லை.

உடற்பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விளக்கங்கள் நிறைய. மூளையில் எண்டார்ஃபின் சுரந்து வலியுணர்வை மட்டுப்படுத்துகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களின் உடலில் அழற்சிப் பொருட்கள் குறைகின்றன, புரோஸ்டாகிளாண்டினும் அதன் வழியே குறையலாம் என்பது இன்னொன்று. எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுவது மூன்றாவது. மாதாமாதம் கடும் வலி படுகிறவர்களின் நரம்பு மண்டலம் நாளடைவில் வலிக்குக் கூர்மையாகிவிடுகிறது. மாதவிடாய் இல்லாத நாட்களில் கையில் சூடு வைத்துச் சோதித்தாலும் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வலிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கூர்மையை ஒழுங்கான உடலசைவும் நல்ல தூக்கமும் பதற்றம் குறைவதும் சேர்ந்து மழுங்கச் செய்யலாம். ஜும்பாவும் பூனை ஆசனமும் ஒரே பலனைத் தருவதற்கு இதுவே விளக்கமாகலாம். முடிந்த முடிவாக இதை யாரும் நிறுவிவிடவில்லை.

மாத்திரைக்கும் பயிற்சிக்கும் சண்டை மூட்டுவது வீண். நம்மூரில் மருந்துக்கடையில் 'பீரியட்ஸ் மாத்திரை' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் மெஃபனாமிக் அமிலம். மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், பிள்ளை நிற்காது என்று பயந்து பிள்ளைகளைத் துடிக்கவிடும் வீடுகள் இருக்கின்றன. மாதத்தில் ஓரிரு நாள், வலி ஆரம்பிக்கும்போதே, சாப்பிட்டபின் போட்டுக்கொள்வதால் அப்படி எதுவும் ஆவதில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனாமிக் அமிலம் அரிதாக ஏற்படுத்தும் கடும் ஒவ்வாமை பற்றி எச்சரித்தது. மாத்திரை எடுத்த சில நாட்களில், வாரங்களில் உடலெங்கும் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் அலட்சியம் கூடாது என்பது அதன் சாரம். உடனே 'பார், மாத்திரை விஷம்' என்று வாட்ஸ்அப்பில் பரவியதுதான் மிச்சம்.

பாட்டி ஒத்தடம் கொடுத்ததற்கும் மரியாதை உண்டு. 2001இல் அமெரிக்காவில் 39 டிகிரி சூடு தரும் பட்டையை அடிவயிற்றில் கட்டிவிட்டுப் பார்த்தபோது, அது இபுபுரூஃபனுக்கு நிகராக வேலை செய்தது. வெந்நீர்ப் பையை யாரும் விளம்பரம் செய்யாததால்தான் அதன் மதிப்பு தெரியவில்லை. சுக்குக் கஷாயமும் மோரில் ஊறிய வெந்தயமும் குடிப்பவர்கள் குடிக்கலாம். 2016இல் காக்ரேன் இஞ்சியையும் வெந்தயத்தையும் பார்த்து, பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரம் மிகச் சொற்பம் என்றது.

பயிற்சியை எல்லாருக்கும் ஒரே வாயால் சொல்லக்கூடாத இடங்களும் இருக்கின்றன. மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும் வலி, உதிரம் நின்ற பிறகும் விடாத வலி, மலம் சிறுநீர் போகும்போது குத்தும் வலி, மாத்திரை போட்டும் அடங்காத வலி: இவை எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்து சதவீதம் பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிறது. அந்த வருடங்களில் அவள் எத்தனை பேரிடம் 'வாக்கிங் போ' என்று கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். முதல்நிலை வலிக்குக் கிடைத்த சோதனை முடிவுகள் அவளுக்குப் பொருந்தா.

இன்னொன்று சோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவளை ஓடச் சொல்லிவிட்டு, சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. முதலில் இரத்தம் பார்க்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவைக்க வேண்டும். எதிர்ப்புறமும் உண்டு: சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டும் தடகளப் பெண்களுக்கு மாதவிடாயே நின்றுபோகிறது. வலி போய்விட்டது என்று அதைக் கொண்டாடினால், எலும்பு தேயும்போதுதான் விலை தெரியும்.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சமிருக்கும் பெரும்பான்மைப் பெண்களுக்கு வாரம் மூன்று நாள், 45 நிமிடம் என்பது நல்ல யோசனைதான். அந்த 45 நிமிடத்தை அவள் எங்கே போய்த் தேடுவது? உலகளவில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 85 பேர், ஒரு நாளைக்குத் தேவையான ஒரு மணி நேர உடலசைவு இல்லாமல் இருக்கிறார்கள். நம்மூரில் அதன் கதை எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்புவரை தெருவில் நொண்டி ஆடியவள், சைக்கிள் ஓட்டியவள், வயதுக்கு வந்த அடுத்த வாரமே 'இனிமே என்ன ஆட்டம்' என்ற ஒரு வாக்கியத்தில் வீட்டுக்குள் போய்விடுகிறாள். அண்ணன் ஏழு மணிவரை கிரிக்கெட் ஆடிவிட்டு வருவான். இவளுக்கு மொட்டைமாடி. அதிலும் எதிர்வீட்டு மாடியில் ஆள் இருந்தால் அதுவும் இல்லை. வலி தொடங்குகிற வயதும் ஆட்டம் நிற்கிற வயதும் ஒன்றாகவே இருப்பதை நாம் பேசுவதே இல்லை. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் அவள் தலையில் விழுகின்றன என்கிறேன்.

எஞ்சுவது பள்ளிக்கூடம். அங்கே பி.டி. பீரியட் என்று ஒன்று அட்டவணையில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண்களில் பலர் அந்த நேரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் வயிற்றுவலி. சிலருக்கு நிஜமாகவே வலி. சிலருக்குச் சீருடையில் கறை பட்டுவிடுமோ என்ற பயம். துப்பட்டாவைக் குத்திக்கொண்டு எப்படி ஓடுவது என்ற கூச்சம் சிலருக்கு. மற்றவர்களுக்கு, பையன்கள் பந்தை விட்டுத்தரவில்லை என்பதுதான் காரணம். பி.டி. சாருக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்க வழியுமில்லை, கேட்க வாயுமில்லை. அவரும் விட்டுவிடுகிறார். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, ஓட வசதியாக டிராக் பேண்ட் போடவிடுகிறார்களா என்ற மூன்றும் சரியானால் மரநிழலில் கூட்டம் பாதியாகக் குறையும் என்பது என் ஊகம்.

ஒரு பீரியட் பல பள்ளிகளில் சுமார் 45 நிமிடம். வாரத்துக்கு மூன்று கிடைத்தால் காக்ரேன் அறிக்கை சொல்லும் அளவு அப்படியே வந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் அதில் ஒன்று அறிவியலுக்குப் போகும். பத்தாம் வகுப்பில் இரண்டு கணக்குக்குப் போகும். பன்னிரண்டாம் வகுப்பில் விளையாட்டு மைதானம் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். ஈரானும் எகிப்தும் செய்த மாதிரி ஒரு சோதனையை இங்கே, அவர்கள் செய்ததைவிடச் சரியாகச் செய்ய முடியும். தனித்தனி மாணவிகளைப் பிரிக்காமல் பள்ளிகளையே சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு தொகுதிப் பள்ளிகளில் மூன்று பீரியடையும் பெண்களுக்கு உண்மையாகவே விட்டுக்கொடுக்கலாம். மற்ற தொகுதியில் அதே நேரத்துக்குப் பாட்டோ கைவேலையோ வைத்து, அதே அக்கறையோடு விசாரிக்கலாம். ஒரு கல்வியாண்டு போதும். செலவும் அதிகம் ஆகாது: பத்து சென்டிமீட்டர் கோடு போட்ட தாள்கள், விவரம் தெரிந்த ஒரு செவிலியர், கணக்கு ஆசிரியரின் சம்மதம்.